சபைக்குத் தலை யார்?

கொங்கு நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளின் முன்னறையில், ஜவுளிக்கடை காலண்டருக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட வாசகம் ஒன்று தொங்கும். கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், ஒவ்வொரு வேளை உணவிலும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி, இங்கே பேசுவதையெல்லாம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்பது அதன் சாரம். வீட்டளவில் இதனால் பெரிய சிக்கல் எதுவும் எழுவதில்லை. தலைவர் சுவரில் இருக்கிறார். யார் முடிவெடுப்பது என்பது அடுக்களைக்கும் திண்ணைக்கும் இடையே எப்படியோ தீர்ந்துவிடுகிறது. அதையே சபைக்குப் பொருத்தினால் கதை வேறு. 'சபையின் தலைவர் கிறிஸ்து' என்ற ஒரே வரிக்காக அரசர்கள் முகம் சிவந்திருக்கிறார்கள். போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

இந்த வரியை மறுக்கும் கிறிஸ்தவர் யாரும் இல்லை. கோவை பெரிய கடை வீதியிலுள்ள புனித மிக்கேல் பேராலயத்தில் கேட்டாலும், ஈரோட்டுப் பிரப் ஆலயத்தில் கேட்டாலும், திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் மேல்மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். தகராறு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தலைவரின் விருப்பம் இன்னது என்று இங்கே யார் சொல்வது? சொன்னவர் தவறாகச் சொன்னால் அவரை யார் தட்டிக் கேட்பது? என்னைக் கேட்டால், இந்த விசுவாசம் கிறிஸ்துவுக்குச் சூட்டும் மகுடம் என்பதைவிட, சபையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இட்ட கடிவாளம் என்பேன். கடிவாளத்தை எந்தக் கையில் கொடுப்பது என்பதில்தான் சபைகள் பிரிந்தன.

சாயப்பட்டறை ஊருக்கு வந்த கடிதம்

இந்த நம்பிக்கையின் மூல வரிகள் புதிய ஏற்பாட்டின் இரண்டு கடிதங்களில் இருக்கின்றன. ஒன்று எபேசியருக்கு எழுதியது, மற்றது கொலோசெயருக்கு. இரண்டையும் பவுலே எழுதினாரா, அவர் வழிவந்தவர்கள் எழுதினார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொலோசெ இன்றைய துருக்கியில் லிக்குஸ் பள்ளத்தாக்கில் இருந்த சிறு நகரம். ஆட்டுக் கம்பளித் துணிக்கும் ஒருவகைச் செஞ்சாயத்துக்கும் பெயர்போன ஊர்; பக்கத்து லவோதிக்கேயாவும் துணி வியாபாரத்தால் கொழுத்தது. நொய்யலோரத்துக்காரருக்கு அந்த ஊரை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அங்கே ஒரு வீட்டில் கூடிய சிறு கூட்டத்துக்குத்தான், 'அவரே சபையாகிய சரீரத்துக்குத் தலையானவர்' என்று எழுதப்பட்டது.

ஏன் அப்படி எழுத நேர்ந்தது? அந்தக் கூட்டத்தில் சிலர் தேவதூதர்களை வணங்குவது, குறிப்பிட்ட நாள்களை அனுசரிப்பது, இதைத் தொடாதே அதைத் தின்னாதே என்று விதி போடுவது என்று புறப்பட்டிருந்தார்கள். வானத்திலுள்ள வல்லமைகளைத் திருப்திப்படுத்தினால்தான் பிழைக்க முடியும் என்ற பயம் அதன் அடியில் இருந்தது. கடிதம் சொன்ன பதில், அந்த வல்லமைகள் எல்லாவற்றுக்கும் மேலே கிறிஸ்து இருக்கிறார், நடுவே தரகர் யாரும் வேண்டாம் என்பது. ஆக, கிறிஸ்துவைத் தலை என்று சொன்னதே இடைத்தரகர்களுக்கு எதிரான பேச்சாகத்தான் பிறந்தது.

உடல் உவமையை அந்தக் கடிதம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரோமில் உழைக்கும் மக்கள் நகரைவிட்டு வெளியேறியபோது, வயிற்றோடு சண்டை போட்ட கை கால்கள் தாமே சோர்ந்துபோன கதையைச் சொல்லி மெனேனியுஸ் அக்ரிப்பா அவர்களைத் திருப்பி அழைத்து வந்ததாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். மேலே இருப்பவர்கள் தின்பதும் உங்கள் நன்மைக்கே என்பது அந்தக் கதையின் உள்ளர்த்தம். கி.பி. 55-ஐ ஒட்டி தத்துவஞானி செனேகா இளம் பேரரசன் நீரோவுக்கு எழுதிய நூலில், தலையிலிருந்துதான் உடல் முழுவதற்கும் நலம் பரவுகிறது என்று அவனைத் தலையாக்கிப் புகழ்ந்தார். நம் பக்கத்தில் ரிக் வேதத்துப் புருஷ சூக்தம் வாயிலிருந்து பிராமணரையும் பாதத்திலிருந்து சூத்திரரையும் பிறக்கவைத்தது. எங்கே பார்த்தாலும் உடல் உவமை மேலே இருப்பவருக்கு வக்காலத்து வாங்கவே பயன்பட்டிருக்கிறது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது அதைத் திருப்பிப் போட்டார். தலை காலைப் பார்த்து 'நீ எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியாது; பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே அதிகம் தேவைப்படுகின்றன என்றார். அந்த இடத்தில் தலையும் மற்ற உறுப்புகளைப்போல ஓர் உறுப்புதான், அது கிறிஸ்துவைக் குறிக்கவில்லை. பின்னால் வந்த இரண்டு கடிதங்களில்தான் தலையின் இடம் கிறிஸ்துவுக்கு ஒதுக்கப்பட்டது. பேரரசனுக்குச் சொன்ன புகழுரையைப் பேரரசின் ஆளுநர் சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவருக்குச் சொன்னார்கள். தலையின் இடம் அப்படி நிரம்பிவிட்டதால் சபையில் வேறு யாரும் அந்த உறுப்பாக ஆக முடியாது. ஆயரோ, பேராயரோ, பணக்கார அங்கத்தினரோ, கண்ணாகவோ கையாகவோ மட்டுமே இருக்கலாம்.

இந்தத் தலைக்குக் கடிதங்கள் இரண்டு வேலைகளைச் சொல்கின்றன. ஒன்று ஆள்வது; எபேசியர் முதல் அதிகாரம் எல்லாவற்றையும் அவர் பாதங்களுக்குக் கீழ்ப்படுத்தியதைப் பேசுகிறது. மற்றொன்று ஊட்டி வளர்ப்பது. நான்காம் அதிகாரத்தில் தலையிலிருந்தே உடல் முழுவதும் கணுக்களால் இசைக்கப்பட்டு வளர்கிறது. ஆளுகையை மட்டும் பிடித்துக்கொண்ட சபை காவல் நிலையம்போல ஆகிவிடுகிறது. வளர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்ட இடத்தில் கண்டிப்பு போய்விடுகிறது.

முதல் மரியாதை

கொங்கு மண்ணில் தலைமை என்றால் என்ன என்பதற்குப் பழைய இலக்கணம் இருக்கிறது. ஊர்க்கவுண்டர், கொத்துக்காரர், அவர்களுக்கு மேலே பட்டக்காரர். அந்தத் தலைமை கண்ணுக்குத் தெரிவது கோயிலில்தான்: யாருக்கு முதலில் திருநீறு, யார் தலையில் பரிவட்டம், தேர் வடத்தை யார் முதலில் தொடுவது. முதல் மரியாதைக்காக நின்றுபோன திருவிழாக்களும் கோர்ட்டுக்குப் போன காணியாளர்களும் இங்கே புதுச் செய்தியல்ல.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் மக்கள் கிறிஸ்தவர்களானார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அந்த முதல் மரியாதையின் பக்கம்கூட அண்டவிடப்படாத சாதியினர். தங்களுக்கென ஒரு சபை வந்தபோது அவர்கள் கேட்ட செய்தி, மரியாதையின் முதலிடம் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டது, மீதியில் எல்லாரும் சமம் என்பது. சேரி ஜெபவீட்டின் மண் தரையில் அதைக் கேட்டவர்களுக்கு அது வெறும் போதனையாக இருந்திருக்காது.

ஆனால் முதல் மரியாதை ஆசை ஞானஸ்நானத்தோடு கரைந்துவிடுவதில்லை. ஆலயக் கட்டட நிதிக்கு அதிகம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் எத்தனையாவது வரி, அறுப்பின் பண்டிகை ஏலத்தை யார் ஜெபித்துத் தொடங்கிவைப்பது என்று அது வேறு உருவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓர் ஏலத்தை நினைத்துப் பாருங்கள்: ஒரு வாழைத்தார், ஒரு மஞ்சள் மூட்டை, காலைக் கட்டிய இரண்டு சேவல். வாழைத்தார் சந்தை விலையைப்போல ஐந்து மடங்குக்கு ஏறும். ஏற்றுகிற இருவரும் போன கமிட்டித் தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள். காசு ஆலயத்துக்குத்தான் போகிறது என்பதால் எல்லாரும் கைதட்டுவார்கள். இது தொடக்கச் சபையிலேயே இருந்த நோய்தான். யோவானின் மூன்றாம் நிருபம், சபையில் 'முதன்மையாயிருக்க விரும்புகிற' தியோத்திரேப்பு என்ற ஒருவனைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. தன்னைத் தேடி வந்தவர்களை அவன் ஏற்கவில்லை. ஏற்றவர்களையும் சபையை விட்டுத் தள்ளினான். தியோத்திரேப்பு எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. எல்லா ஊரும் அவன் ஊர்தான்.

உத்தரவு எங்கிருந்து வரும்?

காங்கேயம் சிவன்மலையில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூக்கேட்டு உறுதி செய்த பிறகு அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தலைவரின் விருப்பத்தை அறிய ஒரு முறையும், கனவு கண்டவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதிக்க இன்னொரு முறையும் அங்கே உண்டு. கிறிஸ்தவச் சபைகளுக்கும் இந்த இரண்டும் தேவைப்பட்டன.

அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு மாதிரிகள் கிடைக்கின்றன. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற பெரிய தகராறு வந்தபோது எருசலேமில் கூடி வாக்குவாதம் செய்து, 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று கடிதம் எழுதினார்கள். சீட்டு முறை பிறகு பெரிதாகத் தொடரவில்லை. கூடிப் பேசுவது நிலைத்தது. ஆனால் யார் யார் கூடுவது, முடிவில் யார் சொல் நிற்பது?

கத்தோலிக்கத் திருச்சபையின் பதில், தலை கிறிஸ்துவே, பூமியில் அவருடைய பிரதிநிதியாகப் பேதுருவின் வழிவந்த திருத்தந்தை இருக்கிறார் என்பது. 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் முழு அதிகாரத்தையும், விசுவாசப் போதனையில் குறித்த நிபந்தனைகளோடு அவர் தவறாமையையும் வரையறுத்தது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏடு கிறிஸ்துவையே உடலின் தலையாக வைத்துப் பேசி, ஆயர்கள் திருத்தந்தையோடு சேர்ந்து ஒரு குழுமமாகப் பொறுப்பேற்பதையும் அழுத்திச் சொன்னது. ஆட்சியாளர்கள் தங்களையே இறுதி என்று எண்ணத் தொடங்கிய காலத்தில், 1925-இல் பதினோராம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். முசோலினியின் இத்தாலியில் இருந்துகொண்டு அப்படி ஒரு விழாவை அறிவித்தது சும்மா அல்ல.

இந்த ஏற்பாடு கொங்கில் எப்படி வேலை செய்தது என்பதற்கு மேல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்கின் வாழ்க்கையைப் பார்க்கலாம். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த இந்தப் பிரெஞ்சுக்காரர், கருமத்தம்பட்டி தலைமையிடமாக இருந்த தொடக்க காலத்தில் கோயம்புத்தூர் மிஷனின் பொறுப்பை ஏற்றார். 1850-இல் அது தனி ஆட்சிப்பகுதி ஆனபோது அதன் முதல் ஆயர். உள்ளூர்க் குருக்களை உருவாக்கி அவர்கள் கையில் திருச்சபையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அவரை வாட்டியது சாதி. மதம் மாறியவர்கள் எந்தச் சாதி வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு ரோம் 1744-இல் விதி வகுத்திருந்தது. அதைக் காப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டும். நடைமுறையில் விதி ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமும் போனது. மனசாட்சிக்கு விரோதமாகச் சத்தியத்தைச் சுமக்க முடியாமல் ரோமிடம் தெளிவு கேட்டார். மனம் அமைதிபெறும்படி பதில் வரவில்லை. 1855-இல் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் போய் இறங்கிய சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

அவர் ரோமின் அதிகாரத்தை மறுக்கவில்லை. எதிர்த்துத் தனிச்சபை தொடங்கவும் இல்லை. மேலே கேட்டார், பதில் போதவில்லை, பதவியை வைத்துவிட்டுப் போனார். தெரிகிற ஒரு தலைமைக்குக் கீழ்ப்படியும் அமைப்பில் மனசாட்சி உள்ளவருக்கு இருக்கும் வழி எவ்வளவு குறுகல் என்பது அதில் தெரிகிறது. அதே அமைப்பு உலகின் ஒரு மூலையில் நடக்கும் அநியாயத்தை மேல்முறையீட்டில் சரிசெய்யவும் முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

அரசரும் தலை அல்ல

சீர்திருத்தச் சபைகள் திருத்தந்தையை விலக்கின. உடனே அந்த இடத்துக்கு அரசர் வந்து நின்றார். 1534-இல் எட்டாம் ஹென்றி தன்னை இங்கிலாந்துச் சபையின் உன்னதத் தலை என்று சட்டம் போட்டுக்கொண்டார். அவர் மகள் முதலாம் எலிசபெத் 1559-இல் 'தலை' என்பதை விட்டு 'உன்னத ஆளுநர்' என்று மாற்றிக்கொண்டார். தலைப்பட்டம் கிறிஸ்துவுக்கே உரியது என்று கத்தோலிக்கரும் தீவிரச் சீர்திருத்தவாதிகளும் ஒரே குரலில் முணுமுணுத்ததும் அதற்கு ஒரு காரணம். 1596-இல் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தவாதி ஆண்ட்ரூ மெல்வில், அரசர் ஆறாம் ஜேம்ஸின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் இரண்டு அரசர்கள் உண்டு, கிறிஸ்துவின் ராஜ்யமாகிய சபையில் நீர் அரசரும் அல்ல, தலையும் அல்ல, ஓர் அங்கத்தினர் மட்டுமே என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்தப் பேச்சு 1843-இல் பலித்தது. சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை நிலச்சுவான்தார் ஒருவர் கையில் இருந்த காலம் அது. ஆக்டரார்டர் என்ற ஊரில் அப்படி நியமிக்கப்பட்டவரைச் சபையாரில் இரண்டே பேர் ஏற்க, இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவர்கள் எதிர்த்தார்கள். நீதிமன்றம் நியமித்தவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான போதகர்கள் ஆலயம், வீடு, சம்பளம் மூன்றையும் விட்டு வெளியேறிச் சுயாதீனச் சபையை உண்டாக்கினார்கள். கிறிஸ்துவின் சபையில் போதகரை வைப்பது கோர்ட்டின் வேலை அல்ல என்பதே காரணம். சென்னையில் 1837-இல் பள்ளி தொடங்கியிருந்த ஜான் ஆண்டர்சனும் அவர்களோடு சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் சென்னை கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

கொங்குக்கு வந்த புராட்டஸ்டண்டு மிஷன்கள் இந்தச் சண்டைகளை மூட்டையில் கட்டித்தான் கொண்டுவந்தன. சேலத்திலும் (1827) கோயம்புத்தூரிலும் (1830) பிறகு ஈரோட்டிலும் லண்டன் மிஷன். இவர்களில் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் மரபினர் (ஸ்காட்லாந்தின் சுயாதீனச் சபை வேறு): கூடிவந்த ஒவ்வொரு சபையும் நேரே கிறிஸ்துவின் கீழே, நடுவே பேராயர் கிடையாது. 1796-லேயே லண்டன் மிஷன் தன் அடிப்படைக் கொள்கையாக, எந்தச் சபை ஆட்சிமுறையையும் திணிக்கமாட்டோம், விசுவாசிகளே தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று எழுதிவைத்தது. கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். அவர்களுக்குக் கான்ஃபரன்ஸ் என்ற பொது மாநாடுதான் பெரிது. ஊட்டியிலும் கோவையிலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக எழுந்த ஆங்கிலிக்கன் ஆலயங்கள். 1930-இல் இந்தியச் சபை அரசிலிருந்து சட்டப்படி பிரியும்வரை, அந்த ஆங்கிலிக்கன் சபையின் உன்னத ஆளுநர் லண்டனில் அரியணையில் இருந்தார். லுத்தரன்கள் தனி வழி.

லுத்தரன்கள் நீங்கலாக இந்த மூன்று ஓடைகளும் 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு முடிய 28 ஆண்டுகள் பிடித்தது. இவ்வளவு காலம் இழுத்ததற்குக் காரணம் இயேசு யார் என்பதில் கருத்து வேற்றுமை இருந்தது அல்ல. பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் முள்ளாக உறுத்தியது. தீர்வாகப் பேராயர் உண்டு, ஆனால் அவர் அரசர் அல்ல, சட்டதிட்டத்துக்கு உட்பட்டவர் என்றார்கள். பேராயத்தின் பேரவையான டயோசீசன் கவுன்சில் ஓட்டுப் போட்டுப் பெயர்களை அனுப்பும். திருச்சபை முழுவதற்குமான மேல்மன்றமாகிய சினாட் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் வயது வந்தால் ஓய்வு பெறுவார். வெளிநாட்டுச் சபை எதன் கட்டுப்பாடும் இல்லை. தலைவர் கிறிஸ்து என்பதை ஓட்டுப்பெட்டியோடு சேர்த்துக் கட்டிய ஏற்பாடு இது.

ராமானுஜர் வழியாக ஒரு பேராயர்

1950-இல் உருவான கோயம்புத்தூர் பேராயத்துக்கு முதல் பேராயராக வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர். தந்தை சைவத்திலிருந்து கிறிஸ்தவரானவர். ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் நற்செய்தியையும் இந்துப் பக்தி இலக்கியத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். மேற்கத்திய இறையியலார் கிரேக்கத் தத்துவத்தை வைத்துச் சிந்தித்த இடத்தில் இவர் ராமானுஜரை வைத்துச் சிந்தித்தார்.

ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் உயிர்களும் உலகமும் இறைவனின் உடல். உடல் என்றால் என்ன என்பதற்கு அவர் துல்லியமான இலக்கணம் சொல்கிறார்: ஓர் ஆன்மா எதைத் தன் நோக்கத்துக்காக ஆண்டு, தாங்கி நிற்கிறதோ, எது முழுக்க அந்த ஆன்மாவுக்கே உரியதாக இருக்கிறதோ, அது அந்த ஆன்மாவின் உடல். ஆள்வது, தாங்குவது, உரிமையாக இருப்பது. எபேசியர் கடிதம் தலைக்குச் சொன்ன இரண்டு வேலைகளும் அப்படியே இதில் இருக்கின்றன. உலகம், திருவிருந்து, சபை ஆகியவற்றை இறைவனின் உடலாக எண்ணிப் பார்க்க இந்த வழி அப்பாசாமிக்கு உதவியது. மேல்கோட்டைக்குப் போகும் வழியில் ராமானுஜர் கொங்கில் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கினார், கொங்குப் பிராட்டி என்று அவளை வைணவர்கள் போற்றுகிறார்கள் என்பது குருபரம்பரைக் கதை. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிறிஸ்தவப் பேராயரோடு அவர் கருத்து மறுபடி கோவைக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் கமிட்டிக் கூட்டங்களில் இந்தச் சிந்தனையின் சுவடு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேராயரும் வேண்டாம் என்றவர்கள்

சகோதர சபையார் இந்த விசுவாசத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். பட்டம் பெற்ற போதகர் இல்லை, மூப்பர்கள் மட்டும். ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதல். ஆண்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாட்டோ ஜெபமோ தொடங்கலாம். தலைவர் ஆவியின் மூலம் நடத்துகிறார் என்பது கணக்கு. 1941-இல் சென்னையில் யெகோவா ஷம்மா கூடுகையைத் தொடங்கிய பக்த்சிங்கும் இதே பாதையில் சென்றவர்.

இந்தக் கூடுகைகளில் பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போடுவார்கள். அதற்கு வேரும் தலைமைப் போதனைதான்: மனைவிக்குப் புருஷன் தலை என்று எபேசியரிலும் கொரிந்தியரிலும் இருக்கிறது. எபேசியர் கடிதம் அந்தத் தலைக்கு வைத்த அளவுகோல் கிறிஸ்து சபைக்காகத் தன்னையே கொடுத்தது. பிரசங்கங்களில் பாதி வசனத்தோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கத் தொடங்கி, 2013-இல் புஷ்பலலிதாவை முதல் பெண் பேராயராக்கியது. தலை கிறிஸ்து என்றால் மற்ற உறுப்புகளில் ஆண் பெண் வரிசை ஏன் என்ற வாதமும் அதே வசனங்களிலிருந்துதான் எழுந்தது. இதில் நான் இரண்டாவது பக்கம்.

பெந்தெகொஸ்தே மற்றும் சுயாதீன ஊழியங்களில் கடிவாளம் பெரும்பாலும் போதகர் கையிலேயே இருக்கிறது. கர்த்தர் என்னோடு பேசினார் என்று அவர் சொன்னால் பூக்கேட்டு உறுதி செய்ய அங்கே வழியில்லை. வீடு வீடாகப் போய் ஜெபித்து, நோயாளியோடு ஆஸ்பத்திரியில் இரவு தங்கி, சாயப்பட்டறைத் தொழிலாளிகளைக் குடியிலிருந்து மீட்டு, இவர்களில் பலர் கட்டியெழுப்பிய சபைகள் உண்மையானவை. அதை மறுக்க முடியாது. ஆனால் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் நிறுவனர், ஆயுள் அறங்காவலர், அவருக்குப் பின் மகன் என்று இருக்கும் இடங்களும் உண்டு. ஃப்ளெக்ஸ் பேனரில் நிறுவனரின் முகம் சிலுவையைவிடப் பெரிதாக இருக்கும். மேலே ஒரு வரி, 'தலைவர்: இயேசு கிறிஸ்து'. மந்தையை இறுமாப்பாய் ஆளாதீர்கள், மாதிரிகளாயிருங்கள் என்று மூப்பர்களுக்கு எழுதிய பேதுருவின் முதல் நிருபம், பிரதான மேய்ப்பர் ஒருவர் வருவார் என்றும் சேர்த்தே சொல்கிறது.

ஜெர்மனியில் ஹிட்லருக்கு இசைந்த சபைத் தலைமை வந்தபோது, 1934 மே மாத இறுதியில் எதிர்ப்பாளர்கள் பார்மன் என்ற ஊரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதுவும் ஜவுளி ஊர்தான். கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவர்களுக்குச் சபை கடன்பட்டதல்ல, சபையின் பதவிகள் ஒருவர் மற்றவரை ஆள்வதற்கு உரியவை அல்ல என்று அது சொன்னது. ஹிட்லரை எதிர்த்த வரி என்று அதை மதிக்கிறோம். உள்ளூர்ச் சபையை நடத்தும் பாஸ்டரேட் கமிட்டிக்கும் அது பொருந்தும் என்பது லேசில் நினைவுக்கு வருவதில்லை.

பத்திரமும் கோர்ட்டும்

விண்ணில் இருக்கும் தலைவர் பெயரில் நிலம் பதிய முடியாது. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளை வைத்திருப்பது அதன் டிரஸ்ட் அசோசியேஷன். 1947-இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம் அது. மிஷன் காலத்தில் ஊருக்கு வெளியே வாங்கிய ஏக்கர்கள் இன்று பஸ் நிலையத்துக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் நடுவே இருக்கின்றன. ஈரோட்டில் பிரப் ரோடு என்று பெயர் பெற்ற சாலையின் இன்றைய மனை மதிப்பை நினைத்தால், கமிட்டித் தேர்தலில் ஏன் அவ்வளவு சூடு என்பது விளங்கும். பள்ளி வேலை, கல்லூரி அட்மிஷன், கடை வாடகை எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றியே இருக்கின்றன.

திருச்சபைத் தேர்தல் தகராறுகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கின்றன. நீதிமன்றம் சபைக்குள் நுழைந்ததால் 1843-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டடத்தை விட்டுப் போனார்கள். இங்கே சபையாரே நீதிமன்றத்தை அழைத்து வருகிறார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போடுவதைவிட அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டதைப் பிரசங்கத்தில் அடிக்கடி எடுப்பவர்கள், வழக்கில் எதிர்மனுதாரர்களாக நிற்பவர்கள்தான். கணக்குக் கேட்டவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட இடத்தில் அவர் வேறு எங்கே போவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீதிபதி முன் வரும் கேள்விகளைப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு விதிப்படி வந்ததா, பட்டியல் ஒட்டப்பட்டதா, கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) இருந்ததா, தணிக்கை அறிக்கை வைக்கப்பட்டதா. இவை எல்லாமே சபையின் சட்டதிட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பவை. பேராயர் அரசர் அல்ல என்று 28 ஆண்டுகள் வாதாடி எழுதி வாங்கியவை. மினிட்ஸ் புத்தகமும் வரவுசெலவுக் கணக்கும் ஆலய அலுவலகத்தில்தான் இருக்கின்றன. எந்த அங்கத்தினரும் கேட்டுப் பார்க்கலாம்.